கேன் தண்ணியும் புளிக்கிற காபியும்

அருப்புக்கோட்டை பஜாரில் ஒருவர், காபி புளிக்கிறது என்று டம்ளரைத் திருப்பி நீட்டினால், மாஸ்டர் முதலில் பால் சட்டியைத்தான் முகர்ந்து பார்ப்பார். பால் திரிந்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் அவருக்குத் தோன்றாது. காபிக்கொட்டைக்கே புளிப்பு உண்டு என்று சொன்னால் சிரிப்பார்.

உண்டுதான். அதைக் கரிசல் காட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் கூரியர்காரர். பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர், கொரோனாவுக்குப் பிறகு அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சொந்த வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். பழக்கம் விடுமா? ஆன்லைனில் ஒரு எஸ்பிரெஸோ மெஷின், சிக்மகளூர்த் தோட்டம் ஒன்றின் பெயர் போட்ட காபிக்கொட்டைப் பொட்டலம். ஆசையாகப் பொத்தானை அமுக்கினால், பத்துப் பன்னிரண்டு விநாடியில் சளசளவென்று கொட்டி முடிகிறது. மேலே வெளுத்த நுரை. ஒரு வாய் வைத்த அம்மா கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "என்னய்யா, இதுல எலுமிச்சம்பழமா பிழிஞ்ச?"

அம்மா கேட்பதில் தப்பில்லை. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் காபியிலும் இருக்கிறது. ஆப்பிளின் மாலிக் அமிலமும் உண்டு. குளோரோஜெனிக் அமிலங்கள் வேறு. தமிழ்நாட்டு பில்டர் காபியில் இவை தலைகாட்டாததற்குக் காரணங்கள் பல. கொட்டையைக் கறுக்க வறுப்பதில் சிட்ரிக்கும் மாலிக்கும் பெருமளவு சிதைந்துவிடும். இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பங்கு ரோபஸ்டா; அதில் புளிப்பு எடுப்பாகத் தெரியாது. பிறகு சிக்கரி. உணவுப் பாதுகாப்பு விதிப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மிச்சம் 49 வரை சிக்கரி சேர்க்கலாம். இத்தனையையும் தாண்டி ஏதாவது புளிப்பு மிஞ்சினால் பாலும் சர்க்கரையும் அமுக்கிவிடும். இந்தத் துணை எதுவும் இல்லாமல், லேசாக வறுத்த நூறு சதவீத அராபிகாவை வெறுமனே குடிக்கும்போதுதான் கொட்டையின் உண்மையான குணம் தெரிகிறது. அளவோடு இருந்தால் அது ஆரஞ்சுச் சுளையை நினைவூட்டும் இதமான புளிப்பு. அளவு தவறினால் முகம் சுளிக்கும்.

அளவு எங்கே தவறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. காபி பிரியர்கள் பலர் இதை ஒரு முறையாவது செய்து பார்த்திருப்பார்கள். மூன்று சின்னக் கிண்ணங்களை வரிசையாக வைத்துக்கொண்டு மெஷினை ஓட்ட வேண்டும். முதலில் கறுப்பாக, பாகுபதத்தில் இறங்கும் சாறு முதல் கிண்ணத்துக்கு. பத்து விநாடி போனதும் சட்டென்று இரண்டாவதை நகர்த்த வேண்டும். இப்போது நிறம் கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். இன்னும் பத்து விநாடி கழித்து மூன்றாவது. அதில் விழுவது வைக்கோல் நிறத்தில் நீர்த்து ஓடும். ஆறவிட்டுச் சுவைத்தால் முதல் கிண்ணம் தாடையைக் கூச வைக்கும். புளிப்போடு லேசான உப்புக்கரிப்பும் இருக்கும். இரண்டாவதில் இனிப்பு தட்டும். மூன்றாவது தண்ணியாக, கொஞ்சம் கசப்பாக இருக்கும். மூன்றையும் ஒன்றாக ஊற்றிக் குடித்தால்தான் அது எஸ்பிரெஸோ.

தூளிலிருந்து அமிலங்கள் முதலில் கரைந்து வருகின்றன, இனிப்பு பின்னால், கசப்பு அதற்கும் பின்னால். வறுத்த காபியில் தண்ணீரில் கரையக்கூடியது மொத்தமே முப்பது சதவீத அளவுதான். தூளின் மொத்த எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கோப்பைக்கு வந்தால் சுவை சமநிலையில் இருக்கும் என்பது காபித் தொழிலில் நெடுநாளாக இருக்கும் கணக்கு. சாறு பாதியிலேயே நின்றுபோனால் முதல் கிண்ணத்தின் குணம் மட்டும் கோப்பையில் நிற்கும். புளிக்கும் எஸ்பிரெஸோவில் பெரும்பாலானவை இப்படிச் சாறு முழுதாக இறங்காதவை.

வைத்தியத்துக்கு முன்னால் நோய் இதுதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. புளிப்பையும் கசப்பையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. இரண்டுக்கும் மருந்து நேரெதிர். வாயில் எச்சில் ஊறினால் புளிப்பு. விழுங்கிய பிறகும் அடிநாக்கில் நின்றால் கசப்பு. வாய் வறண்டு நாக்கு சொரசொரத்தால் துவர்ப்பு. நெல்லிக்காயும் பாகற்காயும் வாழைப்பூவும் தின்று வளர்ந்த நாக்குக்கு இது கஷ்டமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது அரைவை. அது ஏன் என்பது மெஷினின் அழுத்தத்தில் இருக்கிறது. 1901-இல் மிலானில் லூயிஜி பெட்செரா காப்புரிமை கேட்ட எந்திரம் நீராவி அழுத்தத்தில் ஓடியது; ஒன்றிரண்டு பார் அழுத்தம்தான் அதற்கு. 1948-இல் அதே ஊரின் அக்கில்லே காஜியா நெம்புகோல் வைத்து அழுத்தத்தைப் பல மடங்காக உயர்த்திய பிறகே மேலே பொன்னிற நுரை கட்டும் இன்றைய எஸ்பிரெஸோ பிறந்தது. இன்று வழக்கத்தில் உள்ள அழுத்தம் 9 பார். (மெஷின் அட்டைப்பெட்டியில் 15 பார், 20 பார் என்று பெரிதாகப் போட்டிருப்பது பம்பின் உச்ச சக்தி, கோப்பைக்கு அதனால் தனி லாபம் ஒன்றுமில்லை.) இந்த அழுத்தத்தில் பாயும் தண்ணீரை அரை நிமிஷம் தடுத்து நிறுத்த மிக நைசான தூள் வேண்டும். கடையில் பில்டருக்கென்று அரைத்துக் கொடுக்கும் தூள் அதற்குப் பருமன்; தண்ணீர் நின்று நிதானிக்காமல் ஓடிவிடும். பில்டரில் அதே தூள் நன்றாக இறங்குகிறதே என்று கேட்கலாம். பில்டரில் தண்ணீர் தூளோடு பல நிமிஷம் ஊறுகிறது. இங்கே கிடைப்பது முப்பது விநாடி.

கணக்கு எளிது. 18 கிராம் தூள் போட்டால் 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள் விழ வேண்டும். பதினைந்து விநாடியில் விழுந்தால் அரைவையை ஒரு படி நைசாக்க வேண்டும். தராசு இல்லாமல் இந்த வேலை நடக்காது. நகை நிறுக்கும் சின்ன பாக்கெட் தராசே போதும். மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு மட்டும் விமோசனம் கிடையாது. பிளேடு கொட்டையை வெட்டித் தள்ளுமே தவிர அரைக்காது. மாவும் நொய்யுமாக வரும், மாவு கசக்கும், நொய் புளிக்கும். அந்தக் காலத்து வீடுகளில் மேஜை விளிம்பில் திருகி வைத்துக் கையால் சுற்றிய காபி அரைவை இருந்ததே, அந்தத் தத்துவம்தான் சரி: இரண்டு பற்களுக்கு நடுவே கொட்டை நசுங்க வேண்டும்.

நைசாக்கினால் நல்லது என்று நைசாக்கிக்கொண்டே போனால் இன்னொரு தொல்லை வருகிறது. தூள் இறுகி, தண்ணீர் எங்கேயோ ஒரு இடுக்கைக் கண்டுபிடித்து அதன் வழியாகவே பாய்ந்துவிடும். மற்ற இடத்துத் தூள் சாறு இறங்காமல் கிடக்கும். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்து வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் பிரிட்டன் கணிதவியலாளர் ஜேமி ஃபாஸ்டர் உள்ளிட்ட குழுவினரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு எல்லைக்குமேல் நைசாக்கினால் சாறு கூடுவதற்குப் பதில் குறைகிறது என்று காட்டினார்கள். ஆகவே எல்லையைத் தொட்டுவிட்டால் அரைவையை விட்டுவிட்டு, 36 கிராமுக்குப் பதில் 45 கிராம் வரை காபியை ஓடவிட்டுப் பார்க்கலாம். பின்னால் வரும் இனிப்பும் கசப்பும் சேர்ந்து புளிப்பைச் சரிக்கட்டும். கோப்பை கொஞ்சம் நீர்க்கும், பரவாயில்லை.

அடுத்தது சூடு. தூளைத் தொடும்போது தண்ணீர் 90 முதல் 96 டிகிரி வரை இருக்க வேண்டும்; குறைந்தால் சாறு குறைந்து புளிப்பு மேலே வரும். மெஷினின் விளக்கு எரிந்ததும் காபி போடுவது தப்பு. விளக்கு சொல்வது உள்ளே தண்ணீர் காய்ந்த சேதியை மட்டும். தூள் நிரப்பும் கைப்பிடியின் உலோகம் இன்னும் ஜில்லென்றுதான் இருக்கும், பத்துப் பதினைந்து நிமிஷம் அதை மாட்டியே வைத்திருந்து, ஒரு தடவை வெறும் வெந்நீரை ஓடவிட்டுப் பிறகு தூள் போட வேண்டும்.

கிராமத்து வீட்டுக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு: வோல்டேஜ். ஹீட்டரின் சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 1350 வாட் தரும் ஹீட்டர், 180 வோல்ட்டில் சுமார் 830 வாட்தான் தரும். ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. தண்ணீரை ஓட ஓடச் சூடாக்கும் சின்ன மெஷின்களில், சாயங்காலம் ஊரே மோட்டாரும் மிக்ஸியும் போடும் நேரத்தில், அதே தூள் அதே அளவில் காலையைவிடப் புளிப்பாக இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைப்பவர்கள் இதற்கு வைக்க யோசிப்பார்கள். இரவில் வோல்டேஜ் ஏறிய பிறகு குடிப்பது செலவில்லாத வழி.

கொட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். லேசான வறுவல் எஸ்பிரெஸோவுக்குப் பழகாத கைகளைப் படுத்தும். நடுத்தர வறுவலில் தொடங்குவது புத்திசாலித்தனம். வறுத்து இரண்டே நாளான கொட்டையில் கரியமில வாயு நிறைந்திருக்கும், அதுவும் புளிப்பைக் கூட்டும். ஒரு வாரம் பத்து நாள் பொறுக்கலாம். இவ்வளவு தூரம் சிக்மகளூரைத் தேட வேண்டுமா என்றும் கேட்கலாம். மதுரையைத் தாண்டினால் சிறுமலை, அதற்கு மேற்கே கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே அங்கே இருக்கிறது.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் புளிக்கிறதென்றால், அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் ஒரு காரணம் மிச்சமிருக்கிறது. வெளிநாட்டுக் கையேடுகளில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருப்பார்கள். இங்கே அதுவே பெரிய கதை. சமையலறை மூலையில் நிற்கும் இருபது லிட்டர் கேன்.

இந்தச் சீமையின் நிலத்தடி நீரைக் குடித்தவர்களுக்குத் தெரியும். பல இடங்களில் உவர்ப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளைவெள்ளையாய்ப் படியும். கரிசல் மண்ணைத் தோண்டினால் சுக்கான் கல் தட்டுப்படும். அது சுண்ணாம்புச் சத்துதான். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடியில் சிமென்ட் ஆலைக்கே சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிறார்கள். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவோடு சேர்ந்து இந்தக் கல்லைக் கரைக்கும்போது, தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்கின்றன. பைகார்பனேட்டின் வேலை அமிலத்தை அடக்குவது. பனையேறிகள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பதநீரைப் புளிக்காமல் காப்பதற்குப் பக்கத்து உறவு இது. சாயல்குடி, நரிக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

உவர்நீருக்குப் பயந்து இன்று வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின், இல்லாவிட்டால் வண்டியில் வரும் குடத்துத் தண்ணி, கேன் தண்ணி. ஆர்.ஓ. சவ்வு கரைந்த உப்புகளில் தொண்ணூறு சதவீதத்துக்குமேல் வடிகட்டிவிடுகிறது. உவர்ப்பு போகிறது; கூடவே பைகார்பனேட்டும் போகிறது. குடிக்க இனிக்கிற அந்தத் தண்ணீருக்குக் காபியின் அமிலத்தைத் தாங்கும் தெம்பு இல்லை. சுண்ணாம்புப் பூமியில் உட்கார்ந்துகொண்டு, சுண்ணாம்பைக் காசு கொடுத்து எடுத்துவிட்டு, காபி புளிக்கிறது என்று நொந்துகொள்வதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் என்ற சர்வதேச அமைப்பு காபிக்கான தண்ணீரில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவு காரத்தன்மையும் (பைகார்பனேட்டின் அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில்), மொத்தக் கரைபொருள் 150 மில்லிகிராம் அளவும் இருக்கலாம் என்கிறது. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம் காரத்தன்மைக்கு வைத்திருக்கும் விரும்பத்தக்க எல்லை 200. அதாவது குடிக்கத் தகுந்த போர் தண்ணிகூடக் காபிக்கு மிக அதிகமாக இருக்கலாம். கேன் தண்ணி மிகக் குறைவு. ஹெண்டனும் இங்கிலாந்தின் பாத் நகரத்துக் காபிக்காரர் மேக்ஸ்வெல் கொலோனா-டாஷ்வுட்டும் 2014-இல் ஆய்வுக் கட்டுரையும் மறு வருஷம் ஒரு புத்தகமும் எழுதியதிலிருந்து காபி உலகில் தண்ணீரைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. நம் ஊரில் இன்னும் டி.டி.எஸ். பேனாவை முக்கிப் பார்ப்பதோடு பேச்சு முடிகிறது. அந்தப் பேனா எத்தனை உப்பு என்று சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது. 300 காட்டும் தண்ணீரில் பெரும்பகுதி சாதாரண உப்பாக இருந்தால் அமிலத்துக்கு எதிராக அது ஒன்றும் செய்யாது. மெஷினின் உலோகத்தை அரிக்க மட்டும் செய்யும். பைகார்பனேட்டைத் தனியாக அளக்க வேண்டுமானால் வண்ணமீன் கடையில் கே.எச். சொட்டுமருந்து கேட்டு வாங்கலாம். ஒரு டிகிரி என்பது சுமார் 18 மில்லிகிராம். இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் காபிக்குச் சரி.

பரிகாரம் அடுப்படியிலேயே இருக்கிறது: ஆப்ப சோடா. அதுவே சோடியம் பைகார்பனேட். ஒரு லிட்டர் கேன் தண்ணியில் 1.68 கிராம் சோடாவை நிறுத்துப் போட்டுக் கலக்கி ஒரு பாட்டிலில் மூடி வைத்துக்கொள்ள வேண்டும். காபி போட எடுக்கும் ஒவ்வொரு லிட்டர் கேன் தண்ணிக்கும் இதிலிருந்து 40 மில்லி. அவ்வளவுதான், 40 மில்லிகிராம் காரத்தன்மை வந்துவிடும். சிட்டிகைக் கணக்கெல்லாம் உதவாது, கூடிவிட்டால் காபி சப்பென்று சோப்பு வாடை அடிக்கும். நிறுக்கச் சோம்பல்படுகிறவர்கள், முனிசிபாலிட்டி ஆற்றுத் தண்ணி உவர்ப்பில்லாமல் வரும் தெருவாக இருந்தால், அதைக் கேன் தண்ணியோடு கால் பங்கு, அரைப் பங்கு கலந்து பார்க்கலாம். போர் தண்ணியை மட்டும் நேராக மெஷினில் ஊற்றக் கூடாது. பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைக் காறை மெஷினின் குழாய்க்குள்ளும் படியும். ஹீட்டரின் சூடு தண்ணீருக்குப் போகாமல் தடுத்து, கடைசியில் வேறு வழியாகப் புளிப்பைக் கொண்டுவரும். வெறும் ஆர்.ஓ. தண்ணியிலும் ஒரு சிக்கல் உண்டு. பாய்லர் வைத்த பெரிய மெஷின்களில் நீர்மட்டத்தை மின்னோட்டத்தால் அறியும் கம்பி இருக்கும். உப்பே இல்லாத தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாததால், பாய்லர் நிறைந்திருப்பது கம்பிக்குத் தெரியாமல் போகும்.

ஆனால் தண்ணீர் மேல் பழியெல்லாம் போட்டுவிட்டு அரைவையை மறக்கவும் கூடாது. எஸ்பிரெஸோவில் ஒரு பங்கு தூளுக்கு இரண்டு பங்குதான் காபி விழுகிறது. அந்தக் கொஞ்சத் தண்ணீரிலிருக்கும் பைகார்பனேட்டால் அத்தனை அமிலத்தையும் அடக்கிவிட முடியாது, ஓரளவு தணிக்கலாம். எஸ்பிரெஸோவில் வெந்நீர் சேர்த்துக் குடிப்பவர்களுக்கும் பில்டரில் போடுபவர்களுக்கும்தான் தண்ணீரின் வித்தியாசம் நன்றாக உறைக்கும்.

எனவே சோடாப் பாட்டில் கலக்குவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் இரண்டு எவர்சில்வர் பில்டரை எடுத்து, இரண்டிலும் அதே கொட்டையின் தூளை ஒரே எடையில் போட்டு, ஒன்றில் கேன் தண்ணி, மற்றொன்றில் ஆற்றுத் தண்ணி கொதிக்க வைத்து ஊற்றிப் பார்க்கலாம். இரண்டு டிகாக்ஷனையும் பால் சேர்க்காமல், எது எது என்று தெரியாதபடி அம்மாவிடம் கொடுக்க வேண்டும். கேன் தண்ணியில் இறங்கியதை அவர் புளிப்பு என்றால் சோடா வேலை செய்யும். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், தண்ணீர் அதிகம் சேரும் பில்டரிலேயே தெரியாத வித்தியாசம் எஸ்பிரெஸோவில் தெரியப் போவதில்லை. நல்ல காபி கிரைண்டர் வாங்கப் பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம்.